மூன்று குடும்ப வீடும் ஒரு தாழ்ப்பாளும்

1

இந்த நாட்டுக்கு வந்து இருபத்தேழு வருடம் நிறைந்த அதே கிழமையில், நகராட்சிக் கந்தோரில் இருந்து எங்கள் வீட்டுப் படிவம் மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தது. என் கணவர் குணரெத்தினம், வீட்டில் குணம், அந்தப் பழுப்பு உறையைக் கொண்டுவந்து, மேசையில் இருந்த கேக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இந்தா புள்ள, கந்தோரில இருந்து பரிசு வந்திரிக்கு.”

அவருக்குச் சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேக்கை வெட்டுவதற்கு முன்னர் உறையைத்தான் வெட்டினேன்.

நாங்கள் இருப்பது ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒரு சிறு நகரம். பெயரை எழுத மாட்டேன். நாளைக்கும் அதே கந்தோரின் அதே யன்னலடியில் போய் நிற்க வேண்டியவள் நான். நாங்கள் கேட்டதும் ஒன்றும் பெரிய விடயம் அல்ல. பத்தொன்பது வருடமாக ஒரே குடும்பமாக இருந்த வீட்டை, மூன்று குடும்பம் இருக்கக்கூடிய வீடாக மாற்றிக் கட்ட அனுமதி வேண்டும். கீழ்த்தளம் மூத்த மகள் தர்சினிக்கு. மேல்தளம் இளையவள் மதுவுக்கு. அவள் இப்போது வேறு நகரத்தில் தாதிப் படிப்புப் படிக்கிறாள். பின்பக்கம் புதிதாகக் கட்டப்போகும் ஓர் அறையும் சமைக்க ஒரு சின்னக் குசினியும் எனக்கும் அவருக்கும்.

படத்தை நானே வரைந்தேன். ஊரில் இருந்த காலத்தில், எங்கள் கிராமமான கிரானில் இருந்து தினமும் பஸ் ஏறி மட்டக்களப்புப் பட்டினத்துப் புளியந்தீவுக்கு வந்து, ஒரு கந்தோரில் படவரைஞராக வேலை செய்தவள் நான். இங்கே குசினி அலுமாரி செய்யும் பட்டறையொன்றில் அளவெடுத்து வரைவது என் வேலை. ஊராருடைய குசினிகளை இத்தனை வருடம் வரைந்தவளுக்குத் தன் சொந்தக் குசினியை வரையத் தெரியாது என்று எவரும் சொல்லவில்லை. அவர்கள் சொன்னது வேறு.

முதல் தடவை, படிவத்தைத் தலைகீழாக நிரப்பியிருக்கிறீர்கள் என்று எழுதி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை, தர்சினியின் குசினிக்கும் எங்கள் குசினிக்கும் நடுவே நான் வரைந்திருந்த கதவைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினார்கள். மூன்றாம் தடவை, உரிமையாளரின் கையெழுத்தைக் காணவில்லை என்றார்கள்.

முதல் இரண்டுக்கும் கந்தோரோடு சண்டை பிடிக்கலாம், பிடித்தேன். மூன்றாவதுதான் என்னைச் சுட்டது. கையெழுத்து வைக்க மாட்டேன் என்றவள், உரிமையாளர் என்று நான் எழுதியிருந்த என் மூத்த மகள்.

2

படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் வீட்டு வகைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. உங்கள் வீடு எந்த வகையோ அதற்கு நேரே சரி போட வேண்டும்.

தனி வீடு முதலாவது. நாலு பக்கமும் காற்று வரும், பக்கத்து வீட்டாரின் பெயர் தெரியாது. அடுத்தது ஒட்டு வீடு. நடுவே ஒரு சுவர், அந்தப் பக்கத்தார் இருமினால் இந்தப் பக்கத்தாருக்கு நித்திரை இல்லை. பிறகு வரிசை வீடு, ஏழெட்டுக் குடும்பங்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்க, எல்லாருக்கும் ஒரே நிறக் கதவு. டுப்ளெக்ஸ் என்றால் மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம். ட்ரிப்ளெக்ஸ் என்றால் மூன்று. நாலு குடும்பத்துக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலே போனால் அடுக்குமாடி. அதன்பின் நிலவறைக் குடியிருப்பு. எங்கள் ஆட்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. இங்கே வந்த தமிழரில் பாதிப் பேருக்கு முதல் வீடு நிலத்துக்குக் கீழேதான்.

எங்கள் முதல் வீடு இந்தப் பட்டியலில் எந்த வகைக்கும் அடங்காது. ஒரு நிலவறையில் மூன்று குடும்பங்கள். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று தட்டு, தட்டுக்கு ஒரு குடும்பம். ஒரே அடுப்பு. காலையில் எங்கள் முறை ஐந்தரைக்கு. முறை தவறிப் புட்டு அவித்ததற்காக ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்த பெண் இன்றைக்கும் கோயிலில் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்புகிறாள். அந்த வீட்டுக்காரர் எந்தக் கந்தோரிலும் எந்தப் படிவமும் நிரப்பவில்லை. அதனால் அதற்கு வகை என்று ஒன்றும் இல்லை.

பட்டியலின் அடியில் இன்னொன்று இருந்தது. பெரிய வீட்டோடு ஒட்டிய சிறிய பகுதி. அதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் மாமியார் குடியிருப்பு. மகனும் மருமகளும் பெரிய வீட்டில் இருக்க, மகனின் தாய்க்கு ஒதுக்கிக் கொடுக்கும் மூலை. இதை வாசித்தவுடன் நஸீமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். நஸீமா எங்கள் ஊருக்குப் பக்கத்து ஓட்டமாவடிக்காரி. பட்டறையில் என்னோடு பதினொரு வருடமாக வேலை செய்கிறாள். நான் வரையும் அலுமாரிக்கு வர்ணம் அடிப்பவள் அவள். என்னை ‘கா’ என்றுதான் அழைப்பாள்.

“மகன்ட வீட்டில மாமியாருக்கு என்ன கா வேலை?” என்றாள். “அவவுக்கு மக இல்லியா?”

அவ்வளவுதான். இருபத்தேழு வருடத்தில் எங்கள் வீட்டுக் கதையை யாருக்கும் ஒரே வசனத்தில் இவ்வளவு தெளிவாகச் சொல்ல என்னால் முடியவில்லை. தொழுகைக்கும் கோயிலுக்கும் நாங்கள் வேறு வேறு பக்கம் போனாலும், வீடு யாருடையது என்பதில் ஓட்டமாவடிக்கும் கிரானுக்கும் ஒரே பேச்சு.

3

மட்டக்களப்பாருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் கலியாணம் கட்டிய பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருவார். தாய் தகப்பன் இருந்த வீடு மூத்த மகளுக்கு. அதை அவள் பெயருக்கு உறுதிப் பத்திரம் முடித்துக் கொடுத்துவிட்டு, பெற்றோர் மற்றப் பிள்ளைகளோடு அதே வேலிக்கு உட்பட்ட வளவுக்குள் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு போவார்கள். அந்தச் சின்ன வீட்டைச் சிறுகச் சிறுகப் பெருப்பித்து எடுப்பதற்குள் அடுத்தவளுக்குக் கலியாணம் வந்துவிடும். மறுபடி பெட்டி படுக்கை.

எங்கள் அப்பாவுக்கு மூன்று பெண்கள். நான் நடுவில் பிறந்தவள். கடல் தாண்டி நான் ஒரு தடவை குடிபெயர்ந்தேன். அப்பா ஒரே வளவுக்குள் மூன்று தடவை குடிபெயர்ந்தார். முதலில் கல்வீட்டை அக்காவுக்குக் கொடுத்துவிட்டுக் கிணற்றடிப் பக்கம் தென்னங்கிடுகு வீட்டுக்கு. அது ஓட்டு வீடாகி எனக்கு வந்ததும் வேலியோரம். அங்கே தங்கச்சிக்குக் கட்டி முடித்ததும் அவளுடைய விறாந்தையில் ஒரு பக்க அறை. ஒவ்வொரு தடவையும் தான் சாய்ந்து படுக்கும் சாய்மனைக் கதிரையைத் தலையில் தூக்கிக்கொண்டு அவரே நடந்து போனார். எவரையும் தொட விடமாட்டார்.

தம்பி ஒருவன் இருந்தான். அவனுக்கு வளவில் ஒரு முழம் நிலமும் இல்லை. வாழைச்சேனையில் பெண் எடுத்து, தகரப் பெட்டி ஒன்றோடு அவளுடைய வீட்டுக்குப் போனான். முணுமுணுத்தான் என்பதும் உண்மை.

இதைச் சொல்லி நான் ஊருக்காகக் கண்ணீர் வடிக்கப் போவதில்லை. அந்த வளவில் நாங்கள் பிடிக்காத சண்டை இல்லை. மூன்று வீட்டுக்கும் நடுவே வேலி, வேலியில் போகவர ஒரு கடப்பு. குளிக்கும் தண்ணீர் என் பக்கம் ஓடிவருகிறது என்று அக்காவோடு கொளுவி, இரண்டு மாதம் அந்தக் கடப்பை முள்ளுக்கொப்பு வைத்து அடைத்தவள் நான். வீடு கட்ட வழியில்லாத தகப்பன்மாரின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது சொல்ல வேண்டியது அக்காவின் கணவர், எங்கள் அத்தானின் பெட்டியைப் பற்றி.

அத்தான் கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. வயல் வட்டைக்குப் போவார், வருவார், கோபம் மட்டும் மூக்குக்கு மேலே நிற்கும். ஒருநாள் மத்தியானம் சோறு ஆறிவிட்டது என்று அக்காவின் மேல் கையை ஓங்கிவிட்டார். அடி விழவில்லை, ஓங்கிய கை மட்டும்தான். அக்கா சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. உள்ளே போய் அவர் கலியாணத்துக்குக் கொண்டுவந்த பெட்டியை எடுத்தாள். சேட்டுகள், சாரன், சவர சாமான் எல்லாவற்றையும் மடித்து வைத்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ரோட்டுப் பக்கத்துக் கடப்படியில் வைத்துவிட்டு வந்து பாத்திரம் கழுவத் தொடங்கினாள்.

பின்னேரம் வரைக்கும் அத்தான் அந்தப் பெட்டியின் மேல் குந்திக்கொண்டு இருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவரைத்தான் கேட்டார்கள். “என்ன மச்சான், பெட்டியோட?” கடைசி பஸ்ஸில் தன் தாயிடம் போனார். பதினொரு நாள் கழித்துத் திரும்பி வந்தார். அக்கா கடப்படியிலேயே நிற்கவைத்துப் பேசி, பிறகுதான் உள்ளே விட்டாள். அதன்பின் அவருடைய கை ஓங்கியதை நாங்கள் யாரும் காணவில்லை.

4

முதல் தடவை படிவம் திரும்பியதும் நான் போய் நின்ற யன்னலடியில் இருந்த பெடியனுக்கு முப்பது வயது இருக்கலாம். பொறுமையானவன். என்னுடைய ஆங்கிலம் தடக்குப்படும்போதெல்லாம் தலையை ஆட்டி உதவி செய்தான். அதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல்.

“பெரிய பகுதியில் உரிமையாளர் இருப்பார், சிறிய பகுதியில் மற்றவர் இருப்பார். நீங்கள் பெரிய பகுதிக்கு மகளை உரிமையாளர் என்றும், பின்பக்கச் சிறிய பகுதிக்கு உங்களைக் குடியிருப்பவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மாறிவிட்டது.”

“மாறவில்லை. அப்படித்தான்.”

“வீடு இப்போது உங்கள் பெயரில் அல்லவா இருக்கிறது?”

“அடுத்த மாதம் அவள் பெயருக்கு எழுதுகிறேன்.”

அவன் பேனாவைக் கீழே வைத்தான். “அம்மா, அப்படி எழுதினால் அவர் விரும்பிய நேரம் உங்களை வெளியே போகச் சொல்லலாம். இது உங்களுக்கு விளங்குகிறதா?”

“விளங்குகிறது.”

“யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துகிறார்களா?”

இல்லை என்றேன். அவன் நம்பவில்லை. எழுந்து உள்ளே போய் ஒரு துண்டுப்பிரசுரம் எடுத்து வந்து, மற்றவர்கள் காணாதபடி என் படத்துக்குக் கீழே தள்ளினான். முதியவர்களைப் பிள்ளைகளின் துன்புறுத்தலில் இருந்து காப்பது எப்படி என்று அதில் எழுதியிருந்தது. எனக்கு வயது அறுபத்தொன்று. அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் எங்கள் சின்னக் குசினியில் ஆடுகிற மேசைக்காலின் கீழே அதுதான் இருக்கிறது.

அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது எனக்கு அக்கா சொன்ன ஒரு கதை ஞாபகம் வந்தது. சண்டைக்காலம் முடிந்தபிறகு ஊரில் வீடு கட்டிக் கொடுக்கும் திட்டம் ஒன்று வந்தது. வந்த உத்தியோகத்தர் ‘குடும்பத் தலைவர்’ என்ற இடத்தில் அக்கா எழுதியிருந்த தன் பெயரை வெட்டிவிட்டு அத்தானின் பெயரை எழுதினாராம். அக்கா பேனாவை வாங்கி அத்தானின் பெயரை வெட்டினாளாம்.

“தம்பி, அவர் இந்த வீட்டுக்கு வந்த ஆள். வந்த ஆள் எப்பிடித் தலைவராகிற?”

உத்தியோகத்தர் புதுப் படிவம் எடுக்க வேண்டி வந்தது. இரண்டு தேசம், இரண்டு மொழி, ஆனால் படிவம் அடித்த ஆள் ஒருவர்தானோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இரண்டாம் தடவை, கதவு விடயத்தில் நான் கொஞ்சம் இறங்கினேன். இங்கே ஒரு குடும்பம் என்பது ஓர் அடுப்பு. அடுப்பை எண்ணித்தான் குடும்பத்தை எண்ணுகிறார்கள். ஊரிலும் ‘உலை வேறாயிற்று’ என்றால்தான் குடும்பம் வேறு, அதனால் இதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டு அடுப்புக்கும் நடுவே கதவு வைத்தால், இருபது நிமிடம் நெருப்பைத் தாங்கும் கதவாக இருக்க வேண்டுமாம். தானாகச் சாத்திக்கொள்ளவும் வேண்டுமாம்.

“கதவு எதற்கு?” என்று பெடியன் கேட்டான். “கதவு இருந்தால் ஒரே குடும்பம் போல, இல்லாவிட்டால் இரண்டு குடும்பம். நீங்கள் எது?”

“அது நாளுக்கு நாள் மாறும்” என்றேன். தீத்தடுப்புக் கதவு போடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

5

தர்சினியைப் பற்றி எழுதுவதற்கு அவளிடம் கேட்டுவிட்டேன். “பேரை மாத்தி எழுதுங்க” என்றாள். மாற்றியிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னர் ரிஷி என்ற பெடியனை விரும்பிக் கட்டினாள். நல்ல வேலை, நல்ல பேச்சு. ரொறன்ரோ நகரத்துக்குள் பத்தொன்பதாம் மாடியில், அவனுடைய தகப்பன் பெயரில் இருந்த அடுக்குமாடி வீட்டில் போய் இருந்தார்கள். யன்னலில் நின்றால் ஏரி தெரியும் என்று படம் எடுத்து அனுப்புவாள். எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடியும் ஏரியும் இருந்து என்ன, அதில் அவளுடையது என்று ஓர் ஆணிகூட இல்லை என்றேன். “அம்மா, இது மட்டக்களப்பு இல்ல” என்றாள். அதன்பின் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

போன வருடம் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் வாடகைக்கார் ஒன்று வந்து நின்றது. தர்சினி இரண்டு பெட்டிகளோடு இறங்கினாள். அவன் அடிக்கவில்லையாம். ஏதோ வாக்குவாதத்தில், “இது எங்கட வீடு, விருப்பமில்லாட்டிப் போ” என்று சொன்னானாம். ஒரு தடவை அல்ல, வாய்க்கு வாய் அதையே சொல்லிப் பழகிவிட்டானாம். அவள் போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் நான் வரைபலகையை நிலவறையில் இருந்து மேலே கொண்டுவந்தேன்.

படிவம் மூன்றாவது தடவை திரும்பி வந்த கிழமையில், சாப்பாட்டு மேசையில் அதை மறுபடியும் அவளுக்கு முன்னால் வைத்தேன்.

“வைக்க மாட்டன் அம்மா. இது சீதனம். பொம்பிளப் புள்ளைய வீடு வச்சு விக்கிற. எனக்கு வேணாம்.”

“மாப்பிள்ளையே இல்லாத சீதனம் உலகத்தில எங்க புள்ள இரிக்கு?” என்றேன். “யாருக்கு உன்ன விக்கிற?”

“அப்ப பாவம் எண்டு தாறீங்க. திரும்பி வந்தவ எண்டு தாறீங்க. அது இன்னும் மோசம்.”

குணம் சோற்றுக் கோப்பையில் இருந்து தலையை எடுக்கவில்லை. அவள் விடவில்லை. “உங்கட ஊரில வீடு இல்லாத ஆக்கள்ர பிள்ளைகளுக்கு என்ன நடந்த? சொல்லுங்க அம்மா.”

இந்தக் கேள்விக்கு நான் பொய் சொல்லவில்லை. எங்கள் வளவுக்குப் பின்னால் பாக்கியம் என்று ஒருத்தி இருந்தாள், என் வகுப்பில் படித்தவள். தகப்பன் நாலு பக்கமும் சுவர் எழுப்பினார், கூரை போட முடியவில்லை. சுவருக்குள் புல் வளர்ந்தது. கலியாணப் பேச்சுக்கால் பேசி வந்தவர்கள் சுவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் நாட்டை விட்டு வரும்போதும் அவள் தனியாகத்தான் இருந்தாள். அதைச் சொன்னேன். இந்த வழக்கத்தில் அநியாயம் இருக்கிறது, இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன் என்றும் சொன்னேன்.

“ஆனா பெரியம்மாட கதையையும் கேட்டிற்றுப் பேசு” என்று அத்தானின் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். இத்தனை வருடத்தில் அதை நான் பிள்ளைகளுக்குச் சொன்னதே இல்லை. அத்தானுக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்து மறைத்திருந்தேன். எவ்வளவு பெரிய பிழை. சொல்ல வேண்டியதை மறைத்து, வேண்டாத நல்ல பழக்கமெல்லாம் சொல்லி வளர்த்திருக்கிறேன்.

அவள் படிவத்தை ஒரு பக்கம் தள்ளி வைத்தாள்.

“பெரியப்பா பெட்டிக்கு மேலயா இருந்த?”

“ஓம். பின்னேரம் மட்டும்.”

“எல்லாரும் பாத்தாங்களா?”

“ஊரே பாத்த.”

கரண்டியால் தட்டைச் சுரண்டினாள். பிறகு சொன்னாள். “நான் வரக்குள்ள லிப்ட்டில ஒவ்வொரு மாடியிலயும் ஆக்கள் ஏறினாங்க அம்மா. ரெண்டு பெட்டியையும் பாத்திட்டு, பயணம் நல்லா அமையட்டும் எண்டு சொன்னாங்க. பத்தொன்பது மாடி. நான் எல்லாருக்கும் தாங்க்ஸ் சொன்னன்.”

குணம் எழுந்து கை கழுவப் போனார். குழாய் வெகு நேரம் ஓடிக்கொண்டு இருந்தது.

6

அடுத்த நாள் வேலையால் வந்து பார்க்கிறேன், என்னுடைய படம் மேசையில் விரித்துக் கிடக்கிறது. இரண்டு குசினிக்கும் நடுவில் உள்ள கதவில், அவளுடைய பக்கத்தில், பென்சிலால் ஒரு சின்னக் கோடு. பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: தாழ்ப்பாள் இந்தப் பக்கம்.

இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை. பெற்ற தாய்க்குத் தாழ்ப்பாளா? பத்தொன்பது வருடம் நான் துடைத்துக் கழுவிய வீடு, அதற்குள் நான் தட்டிவிட்டுப் போக வேண்டுமா? பட்டறையில் நஸீமாவிடம் சொல்லிப் பொருமினேன். அவள் வர்ணத் தூரிகையைக் கீழே வைக்காமலே கேட்டாள். “அவட வீடா, ஒங்கட வீடா? ஒரு முடிவுக்கு வாங்க கா.”

குணம் இன்னும் மோசம். “அக்காட கடப்புக்கு ரெண்டு மாசம் முள்ளுக்கொப்பு வச்சவள் ஆரு புள்ள?” என்றார்.

வீட்டை அவளுக்குக் கொடுக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, கதவைப் பூட்டும் உரிமையை மட்டும் என் மடியில் கட்டி வைத்திருந்திருக்கிறேன். அப்படிக் கொடுப்பது கொடுப்பது அல்ல. கந்தோர்ப் பெடியன் என்னிடம் கேட்டதும், பார்க்கப்போனால், இதைத்தான். அவனிடம் விளங்குகிறது என்று வீறாப்பாகச் சொன்னேன். விளங்கியது இந்தப் பென்சில் கோட்டைப் பார்த்தபிறகுதான்.

மூன்றாம் நாள் காலையில் பென்சில் கோட்டின் மேல் கறுப்பு மையால் வரைந்தேன். தர்சினி பின்னால் நின்று பார்த்துக்கொண்டு இருந்தாள். வரைந்து முடித்ததும் பேனாவை என் கையில் இருந்து வாங்கி, படிவத்தில் கையெழுத்து வைத்தாள். உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் என்ன உறவு என்று கேட்ட இடத்தில், பெற்றோர் என்று அவளே எழுதினாள்.

அனுமதி வந்தது. வீட்டை அவள் பெயருக்கு எழுதினோம். கட்டினோம். கடைசிப் பரிசோதனைக்கு வந்த மனிதர் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுப்புகளை எண்ணினார். கதவைத் திறந்து விட்டுப் பார்த்தார், அது தானாகச் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாளையும் போட்டுப் பார்த்தார். மூன்று குடும்ப வீடு என்று எழுதிக் கையொப்பம் இட்டார். நாங்கள் பின்பக்கம் போன அன்று குணம் தன் சாய்வு நாற்காலியைத் தானே தூக்குவேன் என்று அடம்பிடித்தார். இங்கத்தைச் சாய்வு நாற்காலிக்கு உள்ளே இரும்பு. இடுப்புப் பிடித்து ஒரு கிழமை அதிலேயே கிடந்தார்.

7

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம். நான் எங்கள் சின்னக் குசினியில் மீன் ஆக்கிக்கொண்டு இருந்தேன். குணம் பக்கவாட்டு யன்னலடியில் இருந்தார். முன்பக்கத்து மணி அடித்தது.

குணம் திரைச்சேலையை விலக்கிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார். “ரிஷி. பெட்டியோட வந்திரிக்கான்.”

நெருப்பை இருபது நிமிடம் தடுக்கும் அந்தக் கதவு, குரலை ஒரு நிமிடமும் தடுக்காது. வீடு பிரித்துக் கட்டியதைக் கேள்விப்பட்டேன் என்று தர்சினியிடம் சொன்னான். இவ்வளவு இடம் இருக்கிறது, இங்கேயே புதிதாகத் தொடங்கலாம் என்றான். கொஞ்ச நாளைக்கு வேண்டிய உடுப்பு கொண்டு வந்திருக்கிறேன் என்றான். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. நல்ல பேச்சு என்று முன்னமே எழுதியிருக்கிறேன்.

அடுப்பை அணைத்துவிட்டுக் கதவடிக்குப் போனேன். அவனிடம் சொல்வதற்கு ஒன்றரை வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு முழுவதும் நாக்கு நுனியில் நின்றது. பிடியைத் திருகினேன். திறக்கவில்லை. தாழ்ப்பாள் அவளுடைய பக்கம்.

பின்கதவால் இறங்கி வளவைச் சுற்றிப் போகலாம். இரண்டடி வைத்தேன்.

“இரி” என்றார் குணம். “அவட வீடு.”

இருந்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஓர் இருப்பு நான் இருந்ததில்லை. அந்தப் பக்கம் அவன் இன்னும் கொஞ்சம் பேசினான். பிறகு தர்சினியின் குரல் கேட்டது. சத்தம் போடவில்லை. ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“இது என்னுடைய வீடு, ரிஷி. நீ உள்ளே வர முடியாது.”

அவன் ஏதோ சொன்னான். அவள் அதையே மறுபடி சொன்னாள். முன்கதவு சாத்தும் சத்தம். பிறகு கார் ஒன்று கிளம்பிப் போனது.

தாழ்ப்பாள் விலகியது. தர்சினி எங்கள் பக்கம் வந்தாள். அவளுக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஆடுகிற மேசைக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

“தேத்தண்ணி இரிக்கா அம்மா?”

கேத்தலை வைத்தேன். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

“போயிட்டானா?”

“ம்.”

“பெட்டி?”

தர்சினி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இந்த முற அவர்தான் தூக்கிக்கொண்டு போனார்.”